தூக்கத்தில் போடும் லென்ஸ்: குழந்தைக்குப் போடலாமா?

இரவு படுக்கப் போகும்போது கண்ணில் ஒரு சின்ன லென்சை வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்! அன்று முழுவதும் மூக்குக் கண்ணாடி இல்லாமலே கரும்பலகை பளிச்சென்று தெரியும்.

கேட்டால் மந்திரம் போல இருக்கிறது. ஆனால் மந்திரம் அல்ல, உண்மைதான்.

இந்த முறைக்கு "ஆர்த்தோகெரட்டாலஜி" என்று பெயர். வாயில் நுழையாத பெயர் என்பதால் "ஆர்த்தோ-கே" என்று சுருக்கிச் சொல்கிறார்கள். "இரவு லென்ஸ்" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

பகலில் கண்ணாடி வேண்டாம் என்பது மட்டும் இதன் பலன் அல்ல. குழந்தையின் கிட்டப்பார்வை வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போவதை இந்த லென்ஸ் மட்டுப்படுத்துகிறது. அதனால்தான் பெற்றோர்கள் இதைத் தேடி வருகிறார்கள். ஹாங்காங், சீனா, தைவான் முதலிய இடங்களில் எத்தனையோ குழந்தைகள் இதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். சென்னை போன்ற பெருநகரங்களிலும் சில கண் மருத்துவமனைகளில் இது கிடைக்கிறது.

சரி, போடலாமா, கூடாதா?

போடலாம். ஆனால், எல்லா வீட்டுக்கும் இது ஏற்றது அல்ல. "லென்ஸ் நல்லதா?" என்று டாக்டரைக் கேட்பதற்கு முன்னால், "இந்த வீடு அதற்குத் தயாரா?" என்று தாயும் தந்தையும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கண் நீளுகிறது!

கிட்டப்பார்வை என்றால் என்ன? பக்கத்தில் உள்ளது தெரியும். தூரத்தில் உள்ளது மங்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏன் அப்படி ஆகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பெரியவர்களுக்குச் சுமார் 24 மில்லிமீட்டர். உடம்பு வளர்வது போலக் கண்ணும் வளர்ந்து, ஓர் அளவில் நின்றுவிட வேண்டும்.

கிட்டப்பார்வைக் குழந்தைக்கு அது நிற்பதில்லை. கண் மேலும் மேலும் பின்பக்கமாக நீளுகிறது. ஒரு மில்லிமீட்டர் அதிகமாக நீண்டால், கண்ணாடியின் பவர் இரண்டரை முதல் மூன்று வரை ஏறிவிடும்!

கண்ணின் உள்ளே, பின்புறத்தில், சினிமாத் திரையைப் போல ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதுதான் விழித்திரை. கண் நீள நீள, இந்தத் திரையும் இழுபடுகிறது. ஊதிய பலூன் பெரிதாகப் பெரிதாக அதன் ரப்பர் மெலிந்து போவதில்லையா? அதைப் போலத்தான்.

சின்ன வயதில் இதனால் ஒன்றும் தெரியாது. நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல்தான் வினை வரும். விழித்திரை கிழியலாம், பிய்ந்துகொண்டு வரலாம். பார்வையின் நடுப்பகுதி சிதைந்து போகலாம். கண்ணின் நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோயும் இவர்களுக்கு அதிகமாக வருகிறது.

சாதாரண மூக்குக் கண்ணாடி என்ன செய்கிறது? மங்கலைப் போக்குகிறது. கண் நீளுவதைத் தடுப்பதில்லை. அடுத்த வருடம் கடைக்காரர் இன்னும் கனமான கண்ணாடியைக் கொடுப்பார். அதற்கு அடுத்த வருடம் இன்னும் கனம்!

ஆகவே, ஏறும் வேகத்தைக் குறைப்பது அழகுக்காக அல்ல. முதுமையில் கண்ணைக் காப்பாற்றுவதற்காக. பவர் ஒன்று குறைந்தாலும் போதும். விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் ஆபத்து 40 சதவிகிதம் குறைகிறது என்று 2019-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

2050-ம் ஆண்டில் உலக மக்களில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இது ஏதோ ஒரு தேசத்தின் கவலை அல்ல.

இரவில் என்ன நடக்கிறது?

கண்ணின் கருவட்டத்துக்கு மேலே, கடிகாரத்தின் கண்ணாடி மூடியைப் போலத் தெளிவான ஒரு பகுதி இருக்கிறது. அதைக் "கார்னியா" என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

இரவு லென்ஸ், சற்றுக் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. காற்றில் உள்ள பிராணவாயு அதன் வழியாகப் புகுந்து போகும். அதன் உள்பக்கத்தை ஒரு தனி வடிவத்தில் கடைந்திருப்பார்கள். குழந்தை தூங்கும்போது அது கார்னியாவின் மேல் உட்கார்ந்து, நடுப்பகுதியைச் சிறிது தட்டையாக்குகிறது.

எவ்வளவு தட்டை? ஒரு தலைமயிரின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! அந்த இத்தனூண்டு மாற்றமே மறுநாள் முழுவதும் கண்ணாடியின் வேலையைச் செய்துவிடுகிறது.

ஆனால் கார்னியா பழைய வடிவத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஆகவே மறுநாள் இரவும் போட வேண்டும். நிறுத்தினால் சில நாட்களில் பழையபடி மங்கல் வந்துவிடும். "லென்ஸ் போட்டுக் கிட்டப்பார்வையைக் குணப்படுத்துகிறோம்" என்று யாராவது சொன்னால், அது பொய். இது குணப்படுத்தும் மருந்து அல்ல, தாமதப்படுத்தும் கருவி.

இந்த யோசனை புதியதும் அல்ல. அமெரிக்காவில் 1962-லேயே ஜார்ஜ் ஜெசன் என்பவர் லென்சைக் கொண்டு கார்னியாவின் வடிவத்தை மாற்றும் முறையை வெளியிட்டார். அந்தக் காலத்து லென்ஸ் காற்று புகாத பிளாஸ்டிக். அதைப் போட்டுக்கொண்டு தூங்க முடியாது. காற்று புகும் பிளாஸ்டிக் வந்த பிறகே இரவு லென்சுக்கு வழி பிறந்தது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2002-ல் இதற்கு அனுமதி கொடுத்தது.

அப்போது அனுமதி கொடுத்தது, பகலில் தெளிவாகப் பார்ப்பதற்காக மட்டுமே. கண் நீளுவதையும் இது தாமதப்படுத்துகிறது என்பதை நன்றாகப் பரிசோதித்துக் காட்டிய ஊர், ஹாங்காங்.

ஹாங்காங் கண்ட உண்மை

ஹாங்காங் அடுக்குமாடிகளின் நகரம். வீடுகள் சிறியவை. விளையாட இடம் குறைவு. படிப்புப் போட்டியோ கடுமை. மழலைப் பள்ளியிலேயே புத்தக மூட்டை தொடங்கிவிடுகிறது. அங்கே குழந்தைகளின் மூக்கில் கண்ணாடி ஏறுவதில் ஆச்சரியம் என்ன?

அந்த ஊரின் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் பாலின் சோ, சின் வான் சியுங் என்ற இருவர் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2012-ல் வெளியாயிற்று. 6 வயது முதல் 10 வயது வரை உள்ள 102 குழந்தைகளைச் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரவு லென்ஸ். மற்றொரு பிரிவுக்குச் சாதாரணக் கண்ணாடி.

இரண்டு வருடம் கழித்து அளந்து பார்த்தார்கள். கடைசி வரை நின்ற குழந்தைகள் 78 பேர்.

கண்ணாடி போட்டவர்களின் கண் சராசரியாக 0.63 மில்லிமீட்டர் நீண்டிருந்தது. இரவு லென்ஸ் போட்டவர்களுக்கு 0.36 மில்லிமீட்டர் மட்டுமே! அதாவது, நீளும் வேகம் 43 சதவிகிதம் குறைந்திருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. வருடத்துக்கு ஒரு பவருக்கு மேல் தாவி ஏறும் குழந்தைகள் எத்தனை பேர் என்றும் கணக்கெடுத்தார்கள். கண்ணாடி போட்ட 7, 8 வயதுக் குழந்தைகளில் 65 சதவிகிதம் பேர் அப்படித் தாவினார்கள். இரவு லென்ஸ் போட்ட அதே வயதுக் குழந்தைகளில் 20 சதவிகிதம் பேர்தான். 9, 10 வயதுக் குழந்தைகளில் இந்த வித்தியாசம் மிகவும் குறைவு: 13 சதவிகிதமும் 9 சதவிகிதமும்.

இதன் பொருள் என்ன? லென்சால் அதிக நன்மை பெறுவது சின்னக் குழந்தை. ஆனால் லென்சைத் தானே கழுவிப் பத்திரப்படுத்தத் தெரியாததும் அதே சின்னக் குழந்தைதான்!

இங்கேதான் விஷயம் டாக்டரின் அறையை விட்டு வீட்டுக்கு வருகிறது.

குழாய்த் தண்ணீர் என்ற எதிரி

இரவு லென்சுக்கு ஒரு சோகமான வரலாறு உண்டு. 2001-ம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சீனா, தைவான், ஹாங்காங் முதலிய இடங்களில் பல குழந்தைகளுக்குக் கார்னியாவில் புண் வந்தது. சிலருக்குப் பார்வை நிரந்தரமாகக் கெட்டது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து ஆராய்ச்சியாளர்கள், அப்படி வந்த முதல் 50 பேரின் விவரங்களைத் திரட்டி 2005-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் கிழக்காசியாவைச் சேர்ந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் 9 முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அவர்களில் 30 சதவிகிதம் பேருக்குப் புண்ணை உண்டாக்கியது "அகந்தமீபா" என்ற நுண்ணுயிர்.

இந்த அகந்தமீபா எங்கே இருக்கிறது? குழாய்த் தண்ணீரில் இருக்கிறது. தொட்டியில் இருக்கிறது. மண்ணில் இருக்கிறது. குடித்தால் ஒன்றும் செய்யாது. லென்சுக்கும் கண்ணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கார்னியாவை அரிக்கத் தொடங்கிவிடும். வலி பொறுக்க முடியாது. மருந்து மாதக்கணக்கில் போட வேண்டும்.

லென்சையும் டப்பாவையும் குழாய்த் தண்ணீரில் அலசியதுதான் பல வீடுகளில் நடந்த தவறு. பயிற்சி இல்லாதவர்கள் லென்சை விற்றது இன்னொரு தவறு.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். லென்சும் திருந்தியிருக்கிறது, முறையும் திருந்தியிருக்கிறது. 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, இரவு லென்ஸ் போடும் குழந்தைகள் 10,000 பேரில் வருடத்துக்குச் சுமார் 14 பேருக்குக் கார்னியாவில் கிருமிப் புண் வருகிறது.

14 பேர்தானா என்று தோன்றும். ஆனால் யாரும் ஒரு வருடத்தோடு இந்த லென்சை நிறுத்துவதில்லை. ஆறு வருடம் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், சுமார் 120 குழந்தைகளில் ஒரு குழந்தை என்று வருகிறது. அந்த ஒரு குழந்தை எல்லாம் பார்வை இழந்துவிடும் என்பதில்லை. உடனே மருத்துவம் செய்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஆயினும், அந்த ஒரு குழந்தை எந்த வீட்டுக் குழந்தை?

இரண்டு கட்சி

"நோயில்லாத குழந்தையின் கண்ணில் எதற்காக இந்த வம்பு? கண்ணாடி போட்டால் போகிறது!" என்கிறது ஒரு கட்சி.

இந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிட்டப்பார்வை "நோயில்லாத" நிலை அல்ல. பவர் எட்டு, பத்து என்று ஏறிய கண், ஐம்பது வயதில் குருடாகும் ஆபத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு. அது மெதுவாக வருவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"கண்ணாடியே வேண்டாம், சோடாபுட்டி என்று யாரும் கேலி செய்ய மாட்டார்கள், பெண் பிள்ளைக்கு நாளை கல்யாணம் ஆக வேண்டாமா?" என்கிறது இன்னொரு கட்சி.

இதில் நியாயமே இல்லை. கேலிக்குப் பயந்து லென்ஸ் போடும் வீட்டில், கேலி மறந்ததும் கவனமும் மறந்துவிடும். கண்ணாடி போட்ட பெண்ணைக் குறை சொல்லும் மனிதர்களைத் திருத்த வேண்டுமே ஒழிய, குழந்தையின் கண்ணைப் பணயம் வைக்கக்கூடாது. கண் நீளுவதைத் தடுக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் குழந்தைக்கு இந்த லென்ஸ் வர வேண்டும்.

ஒவ்வொரு இரவும் பரீட்சை

இரவு லென்ஸ் போடும் வீட்டில் தினமும் நடக்க வேண்டியது என்ன?

தாயோ தந்தையோ சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சுத்தமான துண்டில் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரக் கையோடு லென்சைத் தொடக்கூடாது. அந்த ஈரமும் குழாய்த் தண்ணீர்தானே!

லென்சை அதற்கென்று உள்ள திரவத்தில் மட்டுமே கழுவ வேண்டும். டப்பாவில் நேற்று ஊற்றிய திரவத்தை இன்று மறுபடி உபயோகிக்கக்கூடாது. டப்பாவை அடிக்கடி மாற்ற வேண்டும். லென்சைக் கழற்றும் சின்ன ரப்பர் உறிஞ்சியையும் சுத்தமாக வைக்க வேண்டும்.

காலையில் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பலவந்தமாகப் பிடுங்கக்கூடாது. டாக்டர் கொடுத்த சொட்டை விட்டு, அது நகரும் வரை காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூட பஸ் வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் சரி!

சளி, காய்ச்சல், கண் உறுத்தல் இருந்தால் அன்று லென்ஸ் கிடையாது. ஊருக்குப் போன இடத்தில் சுத்தமாகச் செய்ய வசதி இல்லையென்றால், அன்றும் கிடையாது. அந்த நாட்களுக்காகப் பழைய கண்ணாடி பெட்டியில் தயாராக இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை அல்ல; ஒரு மாத வேலையும் அல்ல. வருடக்கணக்கில் செய்ய வேண்டியது. கல்யாண வீட்டிலிருந்து நள்ளிரவில் திரும்பிய அன்றும் செய்ய வேண்டும். "அம்மா, தூக்கம் வருது, சீக்கிரம் வைம்மா" என்று குழந்தை சிணுங்கும் அன்றும் கை கழுவாமல் வைக்கக்கூடாது.

நடுவில் திடீரென்று நிறுத்திவிடுவதும் சரியல்ல. 14 வயதுக்கு முன்னால் லென்சை நிறுத்திய பிள்ளைகளின் கண் மறுபடி வேகமாக நீளத் தொடங்கியதை, அதே ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் வெளியிட்டார்கள். லென்ஸ், டாக்டர் கட்டணம், திரவம் எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கில் செலவாகும். லென்சை அவ்வப்போது புதிதாக மாற்றவும் வேண்டும். ஆகவே, முதல் வருடச் செலவை மட்டும் பார்த்து ஆரம்பிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

"மெட்ராஸ் ஐ" என்று நினைத்துவிட்டால்?

தமிழ்நாட்டுப் பெற்றோர்கள் முக்கியமாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே கண் சிவந்தால் எல்லோரும் சொல்லும் பெயர் "மெட்ராஸ் ஐ." மருந்துக் கடைக்குப் போய் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுவிடுவார்கள். நாலு நாள் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள்.

இரவு லென்ஸ் போடும் குழந்தைக்கு அந்த நாலு நாள் கிடையாது!

கண் சிவந்தாலும், வலித்தாலும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினாலும், பார்வை மங்கினாலும், உடனே லென்சை நிறுத்த வேண்டும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். லென்சையும் டப்பாவையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. கிருமியைக் கண்டுபிடிக்க உதவும். கடைச் சொட்டில் ஸ்டிராய்டு கலந்திருந்தால், அது புண்ணை மறைத்து உள்ளே பெருக்கிவிடும்.

வீட்டிலிருந்து அவசரத்துக்குக் கண் டாக்டரை எட்ட முடியாத ஊரில் இருப்பவர்கள் இந்த லென்சைத் தவிர்ப்பதே மேல்.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. வீடு தயாராக இல்லையே என்று பெற்றோர்கள் மனம் நோக வேண்டியதில்லை. குழந்தையைக் கைவிட்டதாகவும் ஆகாது.

ஹாங்காங்கிலேயே இன்னும் இரண்டு வழிகளைச் சோதித்திருக்கிறார்கள்.

ஒன்று, அட்ரோபின் சொட்டு மருந்து. மிகவும் நீர்க்கச் செய்த சொட்டை இரவில் கண்ணில் விட வேண்டும். 4 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளிடம் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம் நடத்திய சோதனை 2019-ல் வெளியாயிற்று. சோதித்த மூன்று அளவுகளில், 0.05 சதவிகிதச் சொட்டு அதிகப் பலன் தந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் இதை உபயோகிக்க வேண்டும்.

மற்றொன்று, தனி வகை மூக்குக் கண்ணாடி. பார்ப்பதற்குச் சாதாரணக் கண்ணாடி போலவே இருக்கும். ஆனால் நடுப்பகுதியைச் சுற்றி நூற்றுக்கணக்கான குட்டி லென்சுகள் பதிந்திருக்கும். பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் 8 முதல் 13 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இதைக் கொடுத்து இரண்டு வருடம் பார்த்தது. சாதாரணக் கண்ணாடி போட்டவர்களின் கண் 0.55 மில்லிமீட்டர் நீண்டது. இந்தக் கண்ணாடி போட்டவர்களுக்கு 0.21 மில்லிமீட்டர்தான்!

சோதித்த குழந்தைகளின் வயது வேறு, முறை வேறு. ஆகவே இதையும் இரவு லென்சையும் நேருக்கு நேர் நிறுத்தி, எது ஜெயித்தது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், கண்ணில் எதையும் வைக்காமலே கண் நீளுவதைக் குறைக்க முடிகிறது என்பது பெரிய விஷயம் அல்லவா?

அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியது கண்ணாடியையும் சொட்டையும் பற்றி. அவை ஒத்துவராத குழந்தைக்கு, அல்லது ஓட்டம், பந்தாட்டம் என்று கண்ணாடியோடு திண்டாடும் குழந்தைக்கு, வீட்டிலும் ஒழுங்கு இருந்தால், இரவு லென்ஸ்.

வெயில் விலை இல்லாதது

இன்னும் ஒன்று பாக்கி. இரவு லென்ஸ், கிட்டப்பார்வை வந்துவிட்ட குழந்தைக்குத்தான். இன்னும் வராத தம்பி, தங்கைக்கு என்ன செய்வது?

வெளியே அனுப்ப வேண்டும்!

"இது பரம்பரை, வெயிலில் நின்றால் மாறுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வசிக்கும் 6, 7 வயதுச் சீனக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆராய்ச்சி 2008-ல் வெளியாயிற்று. ஒரே இனம். ஆனால் சிங்கப்பூரில் 29.1 சதவிகிதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவிகிதம் பேருக்குத்தான். சிட்னிக் குழந்தைகள் புத்தகம் படிக்காதவர்களா? இல்லை, அதிகமாகவே படித்தார்கள். ஆனால் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்க் குழந்தைகள் சுமார் 3 மணி நேரம்தான்.

"அது சீனர்களின் கண், இந்தியர்களுக்கு வராது" என்பதும் தவறு. சிங்கப்பூரில் ராணுவப் பயிற்சிக்கு வந்த வாலிபர்களைச் சோதித்த ஆராய்ச்சி 2001-ல் வெளியாயிற்று. சீன வாலிபர்களில் 82.2 சதவிகிதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. இந்திய வாலிபர்களில் 68.7 சதவிகிதம் பேருக்கு இருந்தது! சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஹாங்காங்குக்குப் பக்கத்தில் உள்ள குவாங்சௌ நகரத்தில், 12 ஆரம்பப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகக் குழந்தைகளை வெளியே அழைத்துப் போனார்கள். மூன்று வருடத்தில், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவிகிதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே போன பள்ளிகளில் 30.4 சதவிகிதம். 2015-ல் இது வெளியாயிற்று.

நாற்பது நிமிட வெயில்! லென்ஸ் வேண்டாம், திரவம் வேண்டாம், கை கழுவக்கூட வேண்டாம்.

தைவான் அரசு 2010-ல் "தினமும் 120 நிமிடம் வெளியே" என்று பள்ளிகளில் திட்டமே வகுத்தது. தமிழ்நாட்டிலோ வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் நேரத்துக்குத்தான். பள்ளி விட்டதும் டியூஷன். டியூஷன் விட்டதும் செல்போன். விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுக்கும் பள்ளிக்கூடங்கள், குழந்தையின் கண்ணிலிருந்து அந்தக் கடனைக் கொடுக்கின்றன என்பதை உணர வேண்டும். உச்சி வெயிலில் நிறுத்த வேண்டும் என்பதில்லை. காலையிலும் மாலையிலும் மரத்தடியில் ஓடி விளையாடினாலும் போதும்.

முடிவு யார் கையில்?

இரவு லென்ஸ் நல்ல கண்டுபிடிப்பு. அதைப் பேய் என்று பயப்படுத்துவதும் தவறு. தெய்வம் என்று கும்பிடுவதும் தவறு.

விற்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கார்னியாவின் வடிவத்தைக் கருவி வைத்து அளக்காமல், கண்ணின் நீளத்தை அளக்காமல், ஆபத்தைச் சொல்லாமல், "நாளைக்கே கண்ணாடி போய்விடும்" என்று ஆசை காட்டுகிற இடத்தில் எந்தப் பெற்றோரும் நிற்கக்கூடாது. லென்ஸ் கொடுத்த பிறகு மறுநாள், மறுவாரம், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை என்று கூப்பிட்டுப் பார்க்கிற இடமே நல்ல இடம்.

அதற்குப் பிறகு எல்லாம் வீட்டின் பொறுப்பு. லென்சைப் போட்டுக்கொள்வது குழந்தைதான். ஆனால் அந்தக் கண்ணைக் காப்பது, ஒவ்வொரு இரவும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த அம்மாவின் கை; அல்லது அப்பாவின் கை. வருடம் முழுவதும், ஒரு நாள்கூடச் சலிக்காமல் அதைச் செய்ய முடியும் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடிய வீட்டில் இரவு லென்ஸ் தாராளமாக நுழையலாம்.

சொல்ல முடியாத வீட்டில், மூக்குக் கண்ணாடியே இருக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை!